கைக்குட்டை விறைக்கவில்லை

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து தூறல். மாடிக் கொடியில் துணி மூன்றாம் நாளாக ஈரம்.

செய்ய வேண்டியவை: கழுத்துப் பட்டையைத் துவைக்க. சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் காம்பு கிள்ள. ஜலதோஷத்துக்கு மாத்திரை. பெண் நிவிக்கு போன். இவரை வாக்கிங் துரத்த.

விபத்து நடந்து பதினெட்டு நாள். குண்டலுபேட்டையில் கல்யாணம் முடிந்து திரும்பும் வழி. நஞ்சன்கூடு தாண்டினதும் பின்விளக்கு இல்லாத டிராக்டர். இவர் பிரேக் போட்டார், வண்டி சறுக்கி மரத்தில். இடித்தது என் பக்கம். புருவத்தில் ஏழு தையல், கழுத்தில் பிடிப்பு. மண்டையை ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓட்டிய இவருக்கு ஒரு கீறல் இல்லை. மனுஷருக்கு அதுதான் தாங்கவில்லை. வண்டி இன்னும் மெக்கானிக்கிடம். இவர் அந்தத் தெரு வழியாகக்கூடப் போவதில்லை.

தினம் காபி கொடுக்கும்போது கேள்வி. “தலை வலிக்கறதா வேதா?”

“இல்லைன்னா.”

“தலை சுத்தல்?”

“இல்லை. காபி ஆறிப் போறது.”

இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன். எனக்கு வாசனை தெரியவில்லை. கொஞ்சம் குறைவு என்றெல்லாம் இல்லை, சுத்தமாக இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் இவர் ஃப்ளாஸ்கில் கொண்டுவந்த காபி, கசப்பான வெந்நீர். மருந்தின் வேலை என்று நினைத்தேன். மருந்து முடிந்தும் அப்படியே. மல்லிகை, பெருங்காயம், டெட்டால், எல்லாம் ஒன்றுதான். சொன்னால் இவர் உடைந்துபோவார், சொல்லப் போவதில்லை.

தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. நிவிக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. இவருக்கு என் கையெழுத்து புரியாது.


ஜூன் 14, சனி

மேகமூட்டம். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது.

தப்பு செய்துகொண்டிருக்கிறேன். எழுதினாலாவது பாரம் குறைகிறதா பார்க்கிறேன்.

எங்கள் ஆத்தில் தளிகை பண்ணும்போது யாரும் ருசி பார்ப்பதில்லை. பெருமாள் அமுது செய்த பிறகுதான் மனுஷாளுக்கு. உப்பு போதுமா என்பதைக் கொதிக்கிற வாசனையில் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் என்னுடைய கன்னட சிநேகிதிகள் கடைசி வரைக்கும் நம்பவில்லை. ஆனால் முப்பத்திரண்டு வருஷமாக என் கை பிசகினதில்லை. ரசத்தைத்தான் நாங்கள் சாத்தமுது என்போம். உப்புப் போடாத சாத்தமுதுக்கு ஒரு வாசனை, போட்டதற்கு ஒரு வாசனை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. இவர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார். வெள்ளிக்கிழமை பயந்து குறைத்துப் போட்டேன். சப்பென்று இருந்திருக்கிறது. அதற்கும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் இன்றைக்கு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாக்குக்கு உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, காரம் தெரிகிறது. போதும். கை அலம்பிக்கொண்டு கொண்டுபோய் வைத்தேன். சாளக்கிராமத்துக்கு முகம் கிடையாது, அது ஒரு சௌகரியம்.

மூக்கு ஒழுகல் நிற்கவில்லை. கோலம் போடக் குனிந்தால் சொட்டுகிறது. இன்று நாலாவது புள்ளியில் ஒரு சொட்டு விழுந்து மாவு கரைந்து ஓட்டையாகிவிட்டது. மேலே மாவைத் தூவி மூடினேன்.

குடும்ப டாக்டரிடம் போனேன். உட்காருவதற்கு முன்னாலேயே “ஜலதோஷம் டாக்டர்” என்று சொல்லிவிட்டேன். டீச்சர் புத்தி. கேள்வி கேட்பதற்குள் விடை. அவரும் சிரித்துக்கொண்டே ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். ஆவி பிடிக்கச் சொன்னார். தினம் இரண்டு வேளை பிடிக்கிறேன், மூக்கைச் சிந்திச் சிந்தி வலிக்கிறது.


ஜூன் 16, திங்கள்

மழை விட்டது. வெயில். துணி துவைக்கிற நாள்.

காலையில் பால் தீய்ந்தது. நான் பக்கத்திலேயே நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஹாலிலிருந்து இவர் ஓடி வந்தார்.

“வேதா, பால் தீயறதே. அங்கேயே நின்னுண்டு என்ன பண்றே?”

“ஏதோ யோசனை.”

“அப்படி என்ன யோசனை?”

“நிவி கல்யாணம்.” அந்தப் பேச்சை எடுத்தால் இவர் நகர்ந்துவிடுவார். நகர்ந்தார்.

இனி எழுதப்போவதுதான் விஷயம். பதினோரு மணிக்குத் துணி ஊறவைக்க உட்கார்ந்தேன். நாலு நாள் கைக்குட்டை, பதினாலு இருக்கும், வாளியில் உலர்ந்து கிடந்தன. ஜலதோஷக் கைக்குட்டை உலர்ந்தால் அப்பளம் மாதிரி விறைக்கும். பிள்ளை குட்டி வளர்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். இவை விறைக்கவில்லை. ஒன்றொன்றாக எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். பதினாலும் மெத்தென்று, வெறும் தண்ணீர் பட்டுக் காய்ந்த துணி போல.

குனிந்தால் சொட்டுகிறது. இடது பக்கம் மட்டும். தெளிந்த தண்ணீர். படுத்தால் தொண்டைக்குப் பின்னால் உப்புக் கரிக்கிறது.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். 

முப்பது வருஷம் பத்தாம் வகுப்புக்கு மூளை படம் போட்டவள் நான். மூளை தண்ணீரில் மிதக்கிறது மக்களே, அந்தத் தண்ணீர்தான் அதற்கு மெத்தை என்று வருஷா வருஷம் கன்னடத்தில் கத்தியவள். மூன்று மார்க் கேள்வி. எழுதாத பிள்ளைகளை பெஞ்ச் மேல் ஏற்றியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் என் மூக்கு வழியாகச் சொட்டுகிறது, நான் ஆவி பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நிச்சயமில்லை. ஆனால் நிச்சயம்.

மத்தியானம் இவரிடம்: “நாளைக்கு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போகணும்.”

“ஜலதோஷத்துக்கா? விடு, ரெண்டு நாள்ல போயிடும்.”

“போகணும்னா.”

என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சில்லாமல் போன் பண்ணி நேரம் வாங்கினார்.


ஜூன் 17, செவ்வாய்

வெயில். டாக்டர் பத்தரைக்கு வரச் சொன்னது, கூப்பிட்டது பன்னிரண்டுக்கு.

டாக்டர் பெண், முப்பத்தைந்து இருக்கும். கன்னடக்காரி. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் எல்லாம் இவர். எப்போது விபத்து, எங்கே தையல், என்ன மாத்திரை. நான் ஒரு பார்சல் மாதிரி நடுவில்.

“வாசனை தெரியுதா அம்மா?” கன்னடத்தில்தான் கேட்டாள்.

“அதெல்லாம் நார்மல்” என்றார் இவர்.

டாக்டர் இவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை அதே கேள்வி. விபத்து நடந்த இத்தனை நாளில் இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். இவளிடம் பொய் வரவில்லை.

“இல்லை” என்றேன். “முதல் நாளிலிருந்தே இல்லை.”

இவர் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

கைக்குட்டை விஷயத்தையும் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டாள். என்னைக் குனியச் சொல்லி, மூக்கடியில் ஒரு சின்னக் குப்பியைப் பிடித்தாள். ஒரு நிமிஷம். ஒன்று, இரண்டு, மூன்று சொட்டு. 

“சமையல் பண்றீங்களா? கேஸ் கசிஞ்சா உங்களுக்குத் தெரியாதே. உப்புக் காரம் எல்லாம் எப்படிப் பாக்கறீங்க?”

“நாக்குல வெச்சுப் பாக்கறேன்.” யோசிக்காமல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. டாக்டருக்கு அது சாதாரண பதில். இவருக்கு இல்லை.

அவள் சொன்னவை, மறக்காமல்:
மூக்கு சிந்தக் கூடாது.
ஆவி கூடவே கூடாது.
குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, முக்கக் கூடாது.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து.
ஜுரம், கழுத்து விறைப்பு, வாந்தி, எது வந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. மூளைக்குக் கிருமி ஏறும் வழி திறந்து கிடக்கிறது.
நாளைக்கே ஸ்கேன், இரண்டு விதம்.

“முதல் ஸ்கேன்ல தெரியலையே” என்றார் இவர். மெல்லிய விரிசல் சாதாரண ஸ்கேனில் சில சமயம் தெரியாது, கசிவும் சில நாள் கழித்துத்தான் ஆரம்பிக்கும், யார் மேலும் தப்பில்லை என்றாள். பிறகு என்னிடம், “ஆனா நீங்க சொல்லியிருக்கணும் மேடம்.” வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் திரும்பினோம். அக்ரஹாரம் வரும்போது இவர், “எத்தனை நாளா?”

“வாசனையா, நாக்கா?”

“ரெண்டும்.”

“வாசனை அன்னிலேர்ந்து. நாக்கு சனிக்கிழமையிலேர்ந்து.”

இவர் விரல் விட்டு எண்ணினார்.

“ஞாயித்துக்கிழமை திருக்கண்ணமுது கூடவா?”

பெருமாளுக்கு வைத்த பாயசம். எனக்கு வந்ததே கோபம். “என் மண்டை விரிஞ்சு மூளைத் தண்ணி ஒழுகறது. உங்களுக்குத் திருக்கண்ணமுது கணக்கா?” ஆட்டோக்காரருக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது, வேகத்தைக் குறைத்தார்.

இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி முதல் தடவை பார்க்கிறேன். மாமனார் போனபோதுகூட அழவில்லை. “நான்தானே ஓட்டினேன், அதனாலதானே எங்கிட்ட சொல்லலை” என்றார். ஆமாம் என்று சொல்ல மனசு வரவில்லை, இல்லை என்று சொன்னால் பொய். தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் மூக்கு சிந்த வேண்டிவரும், கூடாது. அடக்கிக்கொண்டேன்.


ஜூன் 20, வெள்ளி

காற்று. ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு குல்மொஹர் கிளை இடித்துக்கொண்டே இருக்கிறது.

நேற்று சேர்த்துக்கொண்டார்கள். ஸ்கேனில் அகப்பட்டுவிட்டது. மூக்குக்கு மேலே சல்லடை போல ஒரு எலும்பு. வாசனை நரம்புகள் அதன் ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்குள் போகின்றன. அதில் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல், இடது பக்கம். டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். படம் நன்றாகவே போட்டாள், அம்புக்குறி மட்டும் கோணல்.

திங்கட்கிழமை ஆபரேஷன். மண்டையைத் திறக்க மாட்டார்கள். மூக்கு வழியாகவே குழாய் விட்டு, தொடையிலிருந்து ஒரு துண்டு சவ்வு எடுத்து ஒட்டு. கிழிந்த புடவைக்கு உள்பக்கம் ஒட்டுத் துணி வைத்துத் தைப்பதுபோல என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

வாசனை? நானே கேட்டேன். ஒட்டுப் போடுவது கசிவை நிறுத்த. வாசனை நரம்பு வேறு கதை. அடியில் அறுந்திருந்தால் சிலருக்குத் திரும்ப முளைக்கும், சிலருக்கு முளைக்காது, மாசக் கணக்கில் ஆகும். “பிராமிஸ் பண்ண மாட்டேன் மேடம்.” பிராமிஸ் பண்ணாதது எனக்குப் பிடித்திருந்தது.

நிவி பெங்களூரிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைப்பதற்கு முன்னால், “யாக்கம்மா, ஏன் சொல்லலை? தினம் போன் பண்றேன், தினம் ‘நான் சென்னாக இருக்கேன்’னு சொல்றே. நன்னா இருக்கற லட்சணமா இது?” திட்டிக்கொண்டே தலைமாட்டைச் சரி பண்ணினாள், திட்டிக்கொண்டே தலை வாரினாள். சுகமாக இருந்தது.

பக்கத்து அறை அம்மாள் ஹனூர்ப் பக்கம். காது ஆபரேஷனுக்கு வந்த வீட்டுக்காரருக்குத் துணை. நிவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “இருவத்தெட்டு வருசமா நான் சொல்ற ஒரு வார்த்தயக் கேட்டதில்லீங் இவுரு. இப்பத்தான் டாக்டரு சொல்றாரு, கேக்காம இல்லீங்கம்மா, காதே கேக்கலைன்னு. நான் வெட்டியாத் திட்டித் தீத்துருக்கறனுங்.” சிரிக்கக் கூடாது, அழுத்தம் ஏறும். சிரித்துவிட்டேன்.


ஜூன் 25, புதன்

மழையா வெயிலா தெரியாது. திரை போட்டிருக்கிறது.

முடிந்தது. இரண்டு மணி நேரம். மூக்கு நிறையப் பஞ்சு. வாயால் மூச்சு. உதடு காய்ந்து பொருக்கு. தொடையில் தையல், மூக்கை விட அதுதான் வலி. தலைமாடு உயர்த்தியே படுக்கை.

இவர் ஸ்பூனில் தண்ணீர். ஒரு ஸ்பூனுக்கு ஒரு தடவை, “மெதுவா, மெதுவா.” தண்ணீரை மெதுவாகக் குடிக்காமல் வேறு எப்படி.

கை தளர்கிறது. பிறகு.


ஜூலை 3, வியாழன்

வீட்டில். மேக மூட்டம், இதமான குளிர்.

பஞ்சு எடுத்து ஐந்து நாள். ஒழுகல் இல்லை. டாக்டர் எழுந்து உட்காரவைத்து, சற்றுத் தலையைத் தாழ்த்தச் சொல்லி, அதே குப்பியைப் பிடித்தாள். ஐந்து நிமிஷம். காலி. “ட்ரை” என்று நர்ஸிடம் சொன்னாள். இவ்வளவு அழகான வார்த்தையை நான் சமீபத்தில் கேட்கவில்லை. வந்து தலையணைக்கடியில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தேன். மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது.

ஆறு வாரம் குனியக் கூடாது. சேவிக்கக்கூடக் கூடாது. எனக்கும் சேர்த்து இவர் விழுந்து எழுந்திருக்கிறார், முழங்கால் நறநற.

தளிகை இவர். முதல் நாள் பருப்பு வேகவில்லை. இரண்டாம் நாள் வெண்டைக்காய்க் கறமது கரி. மூன்றாம் நாள் அடுப்பு முன் நின்று சாத்தமுதையே வெறித்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களை வாசல்படியில் நாற்காலி போட்டு மேற்பார்வை.

“உப்பு வாசனை வர்றதா?” என்றேன்.

“எனக்கு உப்பு வாசனையே தெரியாதுடி. என்னிக்குமே தெரியாது. அம்மா சொல்லுவா, நீ சொல்லுவே, நானும் தலை ஆட்டிண்டிருந்தேன்.”

முப்பத்திரண்டு வருஷம். தலை ஆட்டியிருக்கிறார்.

பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். கதவைச் சாத்தவில்லை. என் எதிரிலேயே நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் அரை ஸ்பூன் போட்டார். “பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கறேன். ரெண்டு பேர் கேஸும் ஒண்ணா நடக்கட்டும்.” கை அலம்பிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு இந்த மனுஷரை ரொம்பப் பிடித்துப்போனது. எழுதிவைக்கிறேன், நேரில் சொல்ல மாட்டேன்.


ஜூலை 22, செவ்வாய்

தூறல். தொடைத் தையல் அரிக்கிறது, ஆறுகிறது என்று அர்த்தம்.

வாசனைப் பயிற்சி ஆரம்பம். டாக்டர் சொன்னபடி நாலு குப்பி: கிராம்பு, எலுமிச்சைத் தோல், ரோஜா, நீலகிரித் தைலம். காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒவ்வொன்றும் இருபது செகண்ட். முகரும்போது அந்த வாசனை எப்படி இருந்தது என்று மனசால் நினைக்க வேண்டும். பிசியோதெரபி மாதிரி, மூக்குக்கு.

இவர் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டி, எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எதிரில் உட்காருகிறார். ஏதோ ஹோமம் நடக்கிறது போல முகம்.

“கிராம்பு. ஆரம்பி.”

“ம்.”

“ஏதாவது?”

“இல்லை.”

“அடுத்தது எலுமிச்சை. ஆரம்பி.”

நாலும் இல்லை. நீலகிரித் தைலத்தில் ஒரு எரிச்சல் மட்டும். எரிச்சல் வாசனை இல்லை, அது வேறு நரம்பு என்று இவருக்கு விளக்கினேன். இவர் அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்: எரிச்சல், வேறு நரம்பு.


ஆகஸ்ட் 11, திங்கள்

பளிச்சென்று வெயில். குனிய அனுமதி. கோலம் போட்டேன், சின்னது. சொட்டவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குத் தீய்ந்த வாசனை. திடுக்கிட்டு எழுந்தேன். எழுந்ததும் உறைத்தது, வாசனை. ஓடினேன். அடுப்பு அணைந்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டி இல்லை. “என்னமோ தீயறது, தீயறதுன்னா” என்று வீடெல்லாம் சுற்றினேன். சந்தோஷத்தில் குரல் கீச்சென்றது. இவர் மாடிவரை போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டிலும் கேட்டுவிட்டார்.

“ஒண்ணும் இல்லையே வேதா.”

எனக்கு மட்டும்தான். இல்லாத தீய்ச்சல். சாயங்காலம் வரை மூக்கில் நின்றது. காபி கொடுத்தார், மண்ணெண்ணெய். கொட்டிவிட்டேன்.

டாக்டருக்கு போன். நரம்பு முளைக்கும்போது வழி தெரியாமல் இப்படித் தப்புத் தப்பாகச் செய்தி அனுப்பும், பல சமயம் நல்ல அறிகுறி என்றாள். பல சமயம். எப்போதும் இல்லை. சரி.

ஆனாலும் போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். இப்போது மூக்கு சிந்தலாம், தடையில்லை. சிந்தினேன்.


ஆகஸ்ட் 27, புதன்

மழை. மழை. மழை.

பத்து நாளாகத் தீய்ச்சலும் இல்லை. ஒன்றுமே இல்லை. பழைய வெறுமை. மல்லிகைக்காரி வாசலில் வந்தாள், வேண்டாம் என்றேன். “யாக்கம்மா?” என்றாள். என்ன சொல்ல.

இரண்டு நாளாகக் குப்பிகளைத் தொடவில்லை. “எதுக்குன்னா இந்தக் கூத்து. உங்களுக்குப் பொழுது போகலைன்னா வேற ஏதாவது பண்ணுங்கோ.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இவர் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் தட்டை எடுத்துவந்து வைத்து, ஸ்டாப்வாட்சைத் தட்டி, கிராம்புக் குப்பியைத் தானே மோந்து பார்த்தார். இருபது செகண்ட். எலுமிச்சை, இருபது செகண்ட். ரோஜா. தைலம், தும்மல். நோட்டில் எழுதினார். சாயங்காலமும் அப்படியே. என்னைக் கூப்பிடவே இல்லை.

பொறுக்குமா எனக்கு. “அந்த எலுமிச்சை பழசாயிடுத்து, தோல் மாத்தணும்” என்றேன்.

“மாத்தியாச்சு” என்றார், குப்பியை என் பக்கம் நகர்த்தினார்.


செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் வெயில், பதினொன்றுக்கு மேல் கொட்டு கொட்டென்று மழை.

டாக்டரிடம் பரிசோதனை. குழாய் விட்டுப் பார்த்தாள். ஒட்டு நன்றாகப் பிடித்துவிட்டது, உடம்போடு சேர்ந்துவிட்டது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். வாசனை பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. “குப்பி விடாதீங்க மேடம்” என்றாள் அவ்வளவுதான்.

திரும்ப ஆட்டோ. சாரல் அடிக்கிறதென்று இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டிவிட்டார் ஆட்டோக்காரர். உள்ளே இருட்டு. எங்கே போகிறோம் என்றே தெரியவில்லை. இவர் மருந்துச் சீட்டை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார். ஏதோ ட்ராஃபிக்கில் வண்டி நின்றது.

மூக்கில் ஏதோ இடறியது.

முதலில் நம்பவில்லை. மறுபடி அந்தப் பொய்த் தீய்ச்சல் என்றுதான் நினைத்தேன். ஆனால் தீய்ச்சல் இல்லை இது. ஈரமாக, கனமாக, குமட்டலாக. மூச்சை நிறுத்தினேன், போனது. இழுத்தேன், வந்தது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி இழுத்தேன்.

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைப் பிடித்து அழுத்தினேன்.

“சொல்லாதீங்கோ. ஒண்ணும் சொல்லாதீங்கோ. நான் சொல்றேன், அப்பறம் பாருங்கோ.”

முகத்தைப் பார்த்தார். கைக்குட்டையை ஏற்கனவே மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டேன். நானே எனக்குத் துப்புக் கொடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனை என்றால் சோதனை.

“முட்டைக்கோஸ்” என்றேன். “அழுகினது. கூடவே பூ. அழுகின செவ்வந்தி.”

கண்ணைத் திறக்கவில்லை. படுதா முடிச்சை அவிழ்க்கிற சத்தம். சாரல் முகத்தில் அடித்தது. நாற்றம் இன்னும் ஏறியது. 

“என்னன்னா? இருக்கா?”

“வேதா, பாரு.”

பார்த்தேன். மார்க்கெட் பின்புறச் சந்து. இடுப்பளவு குவியல். முட்டைக்கோஸ் இலை, வாடிய மாலை, செவ்வந்தி, மேலே ஒரு மாடு.

இறங்கிவிட்டேன். மழையில், சேற்றில், புதுச் செருப்போடு. குவியலுக்கு இரண்டடியில் போய் நின்று இழுத்தேன், இழுத்தேன், நெஞ்சு நிறைய. என்ன நாற்றம், அப்பா, என்ன நாற்றம். அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, குமட்டலும் வந்தது. போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள்.

இவர் வந்து பக்கத்தில் நின்றார். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

பின்னாலிருந்து ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். போகலாமா என்று கன்னடத்தில் கத்தினார்.

இவர் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்து, “இன்னொந்து ஐது நிமிஷ” என்றார்.